12 நிமிடத்துக்கு அப்புறம் லியோனோவ்

அலெக்ஸி லியோனோவ் என்றால் பொது அறிவுப் புத்தகத்தில் ஒரு வரிதான்: விண்வெளியில் முதன்முதலில் நடந்தவர், சோவியத் ஒன்றியம், 1965 மார்ச் 18. போட்டித் தேர்வுக்குப் படித்த எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கும். அந்த ஒரு வரிக்குள் அடங்குகிற ஆள் இல்லை அவர். வெளியே போனதைவிட அவர் திரும்பி உள்ளே வந்த விதம் பெரிய கதை. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, அவருடைய அரசாங்கம் வருடக்கணக்கில் மூடி வைத்திருந்ததை எல்லாம் பின்னாளில் அவரே ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னதுதான். பதிவு கொஞ்சம் நீளமாகவே போகும், பொறுமையாகப் படியுங்கள்.

அமெரிக்காவின் ஜெமினி விண்கலத்தில் கேபின் காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு, கதவைத் திறந்து எழுந்து வெளியே போய்விடலாம். லியோனோவ் போன வோஸ்கோத் 2 கலத்தில் அந்த வசதி கிடையாது. உள்ளே இருந்த மின்னணுக் கருவிகள் காற்றால் குளிர்விக்கப்படுபவை, காற்றை எடுத்துவிட்டால் அவை சூடேறிச் செத்துப்போகும். அதனால் சோவியத் விண்கலங்களின் தலைமை வடிவமைப்பாளர் செர்கெய் கொரோலெவின் குழு ஒரு வழி கண்டுபிடித்தது. கலத்தின் பக்கவாட்டில் மடித்து ஒட்டி அனுப்பி, சுற்றுப்பாதைக்குப் போனபின் காற்றடித்து விரிக்கிற ஒரு குழாய். அதற்கு வோல்கா என்று பெயர். விரிந்தால் 2.5 மீட்டர் நீளம், உள்விட்டம் வெறும் 1 மீட்டர். கலத்திலிருந்து குழாய்க்குள் போய், பின்னால் கதவை மூடி, குழாயின் காற்றை மட்டும் வெளியேற்றிவிட்டு அந்தப் பக்கக் கதவு வழியாக வெளியே போக வேண்டும். இந்த 1 மீட்டரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைச் சோதிக்க ஆளில்லாமல் ஒரு கலத்தை 1965 பிப்ரவரியில் அனுப்பினார்கள். தரையில் இரண்டு நிலையங்கள் ஒரே நேரத்தில் கட்டளை அனுப்பியதில் குழப்பமாகி, அந்தக் கலம் தன்னைத்தானே வெடித்துச் சிதறடித்துக்கொண்டது. இன்னொரு சோதனைக் கலம் கட்டி அனுப்ப மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் அமெரிக்கர்கள் முந்திவிடுவார்கள். கொரோலெவ் நேரில் வந்து, காத்திருக்கலாமா போகிறீர்களா என்று கேட்டதாகவும் தாங்கள் போகிறோம் என்று சொன்னதாகவும் லியோனோவ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். சோதனை முழுதாக முடியாத ஒரு கலத்தில் இரண்டு பேரை ஏற்றியது சரியா என்று கேட்டால், சரியில்லை என்றுதான் நான் சொல்வேன். போட்டியின் அவசரம் அந்தப் பயணம் முழுக்கத் தெரிகிறது.

சரி, மார்ச் 18-க்கு வருவோம். பைக்கனூரிலிருந்து காலையில் கிளம்பினார்கள். தளபதி பாவெல் பெல்யாயெவ், கூட லியோனோவ். இரண்டாவது சுற்றிலேயே லியோனோவ் வெளியே வந்துவிட்டார். கலத்தோடு அவரை இணைத்திருந்த கயிறு 5 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். கீழே கருங்கடல், காகசஸ் மலை, வோல்கா ஆறு. பள்ளியில் பார்த்த வரைபடம் மாதிரி மொத்தமாக விரிந்து கிடந்தது என்றார். தன் மூச்சும் இதயத் துடிப்பும் தவிர எந்தச் சத்தமும் இல்லை என்றார். வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய அப்பாவுக்கோ கோபம்: மற்றவர்கள் எல்லாம் வேலையை உள்ளேயே முடித்துக்கொண்டு வருகிறார்கள், இவன் எதற்கு வெளியே போய்த் திரிகிறான், யாராவது உள்ளே போகச் சொல்லுங்கள் என்று சத்தம் போட்டாராம். 4 வயது மகள் அழுதிருக்கிறாள்.

இதற்கிடையில் உடை ஊதிக்கொண்டிருந்தது. வெளியே வெற்றிடம், உடைக்குள் காற்றழுத்தம், துணி எந்த அளவுக்கு விறைக்கும் என்று தரையில் யாராலும் சரியாகக் கணிக்க முடியவில்லை. கை விரல்கள் கையுறையின் நுனியை விட்டு நழுவிவிட்டன, பாதம் காலணியை விட்டு நழுவிவிட்டது. நெஞ்சில் இருந்த கேமராவை இயக்கும் விசை தொடையில் இருந்தது, அந்த விசை வரைக்கும்கூடக் கை எட்டவில்லை. விரல் நுனி எட்டாத கையுறையால் கயிற்றைச் சுருட்ட வேண்டும், குழாயின் வாயில் மாட்டியிருந்த படக் கேமராவைக் கழற்ற வேண்டும், அப்புறம் கால் முதலில் உள்ளே போகிற மாதிரி நுழைய வேண்டும். பயிற்சியில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். ஊதிப்போன உடையில் அது நடக்காது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. இன்னும் சில நிமிடத்தில் கலம் பூமியின் இருட்டுப் பக்கத்துக்குப் போய்விடும்.

அப்போது அவர் செய்த காரியம்தான் என்னை இவரைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க வைத்தது. உடையில் ஒரு வால்வு உண்டு, அதைத் திறந்து உள்ளழுத்தத்தைக் குறைக்கலாம். 0.4 வளிமண்டல அழுத்தத்திலிருந்து கிட்டத்தட்ட 0.27-க்கு இறக்கினார். தரைக்குச் சொல்லவில்லை. சொன்னால் அங்கே ஒரு கூட்டம் கூடி விவாதிப்பார்கள், அதற்கு நேரம் இல்லை, எப்படியும் தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே ஆள் தான்தான் என்று நினைத்ததாகப் பிறகு விளக்கினார். அழுத்தம் சட்டென்று குறைந்தால் ரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழியாக வெளிவரும், முத்துக்குளிப்பவர்களுக்கும் ஆழ்கடலில் இறங்குபவர்களுக்கும் தெரிந்த அதே ஆபத்து. ஆனால் அவர் ஏற்கனவே வெகுநேரமாகச் சுத்த ஆக்ஸிஜனைச் சுவாசித்துக்கொண்டிருந்தார், அதனால் நைட்ரஜன் பெரும்பாலும் வெளியேறியிருக்கும் என்ற கணக்கு அவர் மனதில் ஓடியிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு எடுத்த துணிச்சல் இல்லை இது, தெரிந்து எடுத்த துணிச்சல். உடை தளர்ந்ததும் விதிக்கு மாறாகத் தலை முதலில் உள்ளே நுழைந்தார். இப்போது வெளிக்கதவு அவர் காலடிப் பக்கம், அதை மூடக் கை அந்தப் பக்கம் போக வேண்டும். 1 மீட்டர் விட்டமுள்ள குழாய்க்குள், அந்த உடையோடு, உடம்பை மடக்கி முழுக்கத் திரும்பினார். மொத்த விண்நடையிலும் அதுதான் மிகக் கஷ்டமான வேலை என்று சொல்லியிருக்கிறார். கண்ணில் வியர்வை வழிந்து ஒன்றும் தெரியவில்லை, உடைக்குள் வியர்வை தேங்கித் தண்ணீராக ஆடியது, உடல் வெப்பநிலை கிட்டத்தட்ட 2 டிகிரி ஏறியிருந்தது. வெற்றிடத்தில் மொத்தம் இருந்தது 23 நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகம், அதில் குழாய்க்கு வெளியே 12 நிமிடம் 9 வினாடி.

இத்தோடு முடிந்திருந்தால்கூடப் போதும். குழாயைக் கழற்றி விட்டபின் கேபினில் ஆக்ஸிஜன் அளவு ஏற ஆரம்பித்தது. ஒரு சின்னத் தீப்பொறி போதும், எல்லாம் முடிந்துவிடும். அவர்கள் இரண்டு பேருக்கும் அது நன்றாகத் தெரியும், ஏனென்றால் அவர்களோடு பயிற்சியில் இருந்த வலந்தீன் பொந்தரெங்கோ 1961-ல் ஆக்ஸிஜன் நிறைந்த சோதனை அறையில் தீப்பிடித்து இறந்திருந்தார். அந்தச் சாவையும் சோவியத் அரசு 1980-கள் வரை வெளியே சொல்லவில்லை. ஆக்ஸிஜன் மெல்ல இறங்கியது, சரி, இனி தரையிறங்கலாம் என்று பார்த்தால் தானியங்கி இறக்க முறை வேலை செய்யவில்லை. பெல்யாயெவ் கையால் திசை திருப்ப வேண்டும். அதற்குப் பார்க்க வேண்டிய கண்ணாடித் துவாரமோ இருக்கைக்கு நேராக இல்லை. முந்தைய வோஸ்தோக் கலத்தில் இருந்ததற்குக் குறுக்காக இதில் இருக்கைகளைத் திருப்பிப் போட்டிருந்தார்கள், அந்த அவசரத்தின் விலை இங்கே வந்து நின்றது. பெல்யாயெவ் இரண்டு இருக்கைக்கும் குறுக்கே படுத்துத் துவாரத்தைப் பார்த்துத் திசை சரிசெய்தார், லியோனோவ் அவரை அசையாமல் பிடித்துக்கொண்டார். எஞ்சினை இயக்குவதற்குள் இருவரும் அவரவர் இடத்துக்குத் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் கலத்தின் எடைச் சமநிலை கெட்டுவிடும். அதற்கு ஆன சில வினாடித் தாமதம் பூமியில் எத்தனையோ கிலோமீட்டர். குறித்த இடத்தைத் தாண்டி 386 கி.மீ. தள்ளி, பெர்ம் பகுதியில் அடர்ந்த பனிக்காட்டில் மார்ச் 19 அன்று விழுந்தார்கள்.

கதவின் திருகுகளை வெடிக்க வைத்தால் கதவு திறக்கவில்லை, வெளியே ஒரு பிர்ச் மரம் முட்டிக்கொண்டிருந்தது. ஆட்டி ஆட்டித் தள்ளினார்கள். வெளியே குதித்த லியோனோவ் பனிக்குள் தாடை வரைக்கும் புதைந்துபோனார். ராத்திரி குளிர் பூஜ்யத்துக்கு வெகு கீழே. உடைக்குள் தேங்கியிருந்த வியர்வை அப்படியே உறைந்தால் சாவுதான், அதனால் உடையைக் கழற்றி, அம்மணமாக நின்று உள்ளாடைகளைப் பிழிந்து திரும்பப் போட்டுக்கொண்டார்கள். ஓநாயும் கரடியும் உலாவும் காடு அது, கையில் இருந்தது ஒரு கைத்துப்பாக்கி. ஹெலிகாப்டர்கள் கண்டுபிடித்துவிட்டன, ஆனால் மரங்களுக்கு நடுவே இறங்க இடமில்லை. துணியும் பூட்ஸும் எல்லாம் மேலிருந்து போட்டார்கள், ஒரு காக்னாக் பாட்டிலும் போட்டார்கள், அது உடைந்துவிட்டது. மறுநாள் பனிச்சறுக்குக் கட்டைகளில் மீட்புக் குழு வந்து, மரம் வெட்டி ஒரு சின்னக் குடில் அடித்து, பெரிய பாத்திரத்தில் வெந்நீர் வைத்துக் குளிக்க வைத்தது. அதற்கு மறுநாள் எல்லோருமாகச் சறுக்கிக்கொண்டே 9 கி.மீ. போய்த்தான் ஹெலிகாப்டர் ஏறினார்கள்.

அந்த இரண்டு ராத்திரியும் குடும்பத்தாரிடம் என்ன சொன்னார்கள் தெரியுமா? பத்திரமாக இறங்கிவிட்டார்கள், ஒதுக்குப்புறமான ஒரு பங்களாவில் ஓய்வெடுக்கிறார்கள் என்று. உலகத்துக்குக் கிடைத்ததும் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்ற செய்திதான். இதனால் யாருக்கு நஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த வருடம் 1966 ஜூனில் ஜெமினி 9-ல் வெளியே போன யூஜீன் செர்னன், உடை விறைத்து, மூச்சு வாங்கி, முகக் கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியாமல், உயிரோடு உள்ளே வந்ததே பெரிய விஷயம் என்ற நிலைக்குப் போனார். லியோனோவின் அனுபவம் முழுதாகத் தெரிந்திருந்தால் அந்தப் பாடத்தை இரண்டாவது தடவை அதே விலை கொடுத்துக் கற்க வேண்டியிருந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. தண்ணீர்த் தொட்டிக்குள் பயிற்சி எடுத்துக்கொண்டு பஸ் ஆல்ட்ரின் நிதானமாக வேலை செய்து காட்டியது 1966 நவம்பரில்தான்.

இந்த மனிதர் எங்கிருந்து வந்தார் என்று பார்த்தால், மறைப்பதை ஏன் வெறுத்தார் என்பது கொஞ்சம் பிடிபடுகிறது. 1934-ல் சைபீரியாவின் கெமரோவோ பகுதியில் லிஸ்த்வ்யாங்கா என்ற கிராமத்தில் பிறந்தார். ஸ்டாலின் காலத்து வேட்டையில் அப்பாவைக் கைது செய்து கொண்டுபோய்விட்டார்கள். மக்களின் எதிரி குடும்பம் என்று முத்திரை குத்திவிட்டால் அண்டை வீட்டார் வந்து வேண்டியதை அள்ளிக்கொண்டு போகலாம், சின்னப் பையன் போட்டிருந்த கால்சட்டையைக்கூடக் கழற்ற வைத்தார்களாம். பிற்பாடு அப்பா விடுதலையானார். கெமரோவோ நகரத்தில் ஒரே அறையில் குடும்பம் மொத்தமும் அடைந்துகிடந்த நாட்களில் பையன் படுத்தது கட்டிலுக்கு அடியில். அக்கம்பக்கத்து வீடுகளின் அடுப்புச் சுவர்களில் படம் வரைந்து கொடுப்பான், கூலியாக ரொட்டி கிடைக்கும். பெரியவனானதும் ரிகா நகரத்து ஓவியக் கல்லூரியில் சேரப் போனார், இடமும் கிடைத்தது, தங்கிச் சாப்பிடப் பணம் இல்லை. விமானப்படைப் பள்ளியில் எல்லாம் இலவசம், அதனால் விமானி ஆனார். 1960-ல் விண்வெளி வீரர்களாகத் தெரிவான முதல் 20 பேரில், பிறகு விண்வெளிக்குப் போன முதல் மனிதரான யூரி ககாரினோடு, இவரும் இருந்தார்.

ஓவியத்தை விடவே இல்லை. வோஸ்கோத் 2-ல் வண்ணப் பென்சில்கள் கொண்டுபோனார், எடையற்ற இடத்தில் அவை மிதந்து ஓடிவிடாமல் இருக்க ஒவ்வொன்றையும் நூலில் கட்டி, மணிக்கட்டில் ஒரு வளையத்தில் கோத்திருந்தார். அந்த விண்நடைக்குப் பிறகு, கைகால் நடுக்கம் இன்னும் விட்டிருக்காது, உட்கார்ந்து சூரிய உதயத்தை வரைந்திருக்கிறார். விண்வெளியில் வரையப்பட்ட முதல் ஓவியம் அது. கேமராவில் பிடிபடாத நிற மாற்றங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன, அதை வரைந்துதான் காட்ட முடியும் என்பது அவர் நிலைப்பாடு.

அப்புறம் வந்த பத்து வருடம் அவருக்கு இழப்பு மேல் இழப்பு. 1966 ஜனவரியில் கொரோலெவ் அறுவை சிகிச்சையின்போது இறந்தார். 1967-ல் விளாதிமிர் கொமரோவ் சோயுஸ் 1 தரையில் மோதி இறந்தார். 1968 மார்ச் 27-ல் விமான விபத்தில் உயிர் நண்பர் ககாரின். அன்று லியோனோவ் பக்கத்து விமானத் தளத்தில் பாராசூட் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தார், அடுத்தடுத்து இரண்டு வெடிச்சத்தம் கேட்டது. கிடைத்த உடல் பகுதியில் கழுத்து மச்சத்தைப் பார்த்து ககாரின்தான் என்று அடையாளம் சொன்னவரும் அவரே. விசாரணைக் குழு மழுப்பலாக எழுதி மூடிவிட்டது. இவர் விடவில்லை. கடைசியில் 2013-ல், அனுமதியில்லாத உயரத்தில் பறந்த ஒரு சு-15 போர் விமானம் ககாரினின் மிக்-15 பக்கத்தில் உரசுகிற மாதிரி போனதில்தான் அது நிலைகுலைந்து விழுந்தது என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த விமானியின் பெயரை மட்டும் சொல்ல மறுத்துவிட்டார். 45 வருடம் ஒரு நண்பனுக்காக ஒரு கேள்வியைச் சுமந்திருக்கிறார்.

நிலவு கைக்கு எட்டி நழுவியது தனிக் கதை. சோவியத் நிலவுத் திட்டத்தில் முதலில் இறங்கப் பயிற்சி பெற்ற முன்வரிசை ஆள் இவர்தான். அந்தத் திட்டத்துக்கான என்1 ராக்கெட் 1969-லிருந்து 1972 வரை நான்கு தடவை ஏவப்பட்டு நான்கு தடவையும் தோற்றது. அப்போலோ 11 இறங்கியபோது சோவியத் மக்களுக்கு நேரடி ஒளிபரப்பு கிடையாது, மாஸ்கோவில் ஒரு ராணுவ மையத்தில் உட்கார்ந்து இவர் பார்த்திருக்கிறார். 1971-ல் சோயுஸ் 11-க்கு இவர்தான் தளபதி. கிளம்பச் சில நாள் இருக்கும்போது சகவீரர் வலேரி குபாசவின் நுரையீரலில் ஏதோ புள்ளி என்று எக்ஸ்ரேயில் தெரிய, விதிப்படி மொத்தக் குழுவையும் மாற்றினார்கள். மாற்றுக் குழுவாகப் போன தொப்ரவோல்ஸ்கி, வோல்கவ், பத்சாயெவ் மூவரும் திரும்பும் வழியில் வால்வு திறந்து காற்று வெளியேறி இறந்தார்கள். குபாசவுக்கு இருந்தது வெறும் ஒவ்வாமை. இதை ஒரு மனிதன் எப்படித் தாங்குவான் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அதனால்தான் 1975 ஜூலை 17 எனக்கு அவ்வளவு சந்தோஷத்தைத் தருகிறது. அப்போலோவும் சோயுஸும் சுற்றுப்பாதையில் இணைந்தன, லியோனோவும் அமெரிக்கத் தளபதி தாமஸ் ஸ்டாஃபர்டும் கதவைத் திறந்து கைகுலுக்கினார்கள். அவரவர் அடுத்தவர் மொழியில் பேசினார்கள். ஓக்லஹோமாக்காரரான ஸ்டாஃபர்ட் இழுத்து இழுத்துப் பேசிய ரஷ்யனுக்கு "ஓக்லஹோம்ஸ்கி" என்று லியோனோவ் பெயர் வைத்தார். பீட்ரூட் சூப் இருந்த டியூப்களில் வோட்கா லேபிள் ஒட்டி அமெரிக்கர்களிடம் நீட்டியவரும் இவர்தான், போகிற போக்கில் அவர்கள் முகத்தையும் வரைந்து கொடுத்தார். அன்று பயன்பட்ட இணைப்பு அமைப்பின் வழிவந்தவைதான் பிறகு ஷட்டில்கள் மீர் நிலையத்தோடும் சர்வதேச விண்வெளி நிலையத்தோடும் இணையப் பயன்பட்டன. ஆனால் நான் அதைவிடப் பெரிதாக நினைப்பது அந்த நட்பை. 2004-ல் ஸ்டாஃபர்ட் ரஷ்யாவிலிருந்து இரண்டு பையன்களைத் தத்தெடுக்க உதவியது லியோனோவ். 2019 அக்டோபரில் லியோனோவின் அடக்கத்துக்கு, 89 வயதில் ஸ்டாஃபர்ட் மாஸ்கோ வரை போய் நின்று பேசினார்.

லியோனோவ் இறந்தது 2019 அக்டோபர் 11, வயது 85. அன்று சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு வெளியே கிறிஸ்டினா கோக்கும் ஆண்ட்ரூ மோர்கனும் விண்நடையில் இருந்தார்கள், அந்த நேரடி ஒளிபரப்பிலேயே நாசா செய்தியைச் சொன்னது. இன்றைக்கு விண்நடை ஏறக்குறைய பராமரிப்பு வேலை. வெளியே போகுமுன் சுத்த ஆக்ஸிஜன் சுவாசிப்பது, அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது, தண்ணீர்த் தொட்டியில் மணிக்கணக்காகப் பழகுவது, எல்லாம் ஒழுங்காக வகுத்து வைத்திருக்கிறார்கள். அவருக்கு அது எதுவும் இல்லை.

நம் ஊருக்கும் ஒரு தொடுப்பு உண்டு. ராகேஷ் சர்மா 1980-களில் மாஸ்கோவுக்கு வெளியே உள்ள ககாரின் பயிற்சி மையத்தில் தயாரானபோது அங்கே துணைத் தலைவராக இருந்தவர் லியோனோவ். ககன்யானுக்குத் தேர்வான நால்வரும், சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன் உட்பட, 2020-ல் அதே மையத்தில்தான் பயிற்சியைத் தொடங்கினார்கள். முதல் குளிர்காலத்திலேயே பனிக்காட்டில் விட்டு, கலம் எங்கோ தப்பி விழுந்தால் மீட்புக் குழு வரும்வரை உயிர் பிழைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். வெப்ப நாட்டுக்காரர்களுக்கு இது எதற்கு என்று தோன்றலாம். பெர்ம் காட்டில் கழிந்த அந்த இரண்டு ராத்திரிதான் பதில்.

அந்தச் சூரிய உதய ஓவியம் 2015-ல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் பென்சில்களோடு சேர்த்துக் காட்சிக்கு வைக்கப்பட்டது. படம் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும், தேடிப் பாருங்கள். ரொம்பச் சின்ன காகிதம்தான். இன்றைய விண்வெளி நிலையப் புகைப்படம் ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நிற அடுக்குகளை அந்த மனிதர் எவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறார் என்பது தெரியும்.